ஓலை வீடும் புழங்குபொருளும்: ராமநாதபுரம் கடற்கரையில் எதைப் படம் எடுப்பது, எப்படி எடுப்பது?

1 | உப்புக்காற்று

வணக்கம். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை கடலோர ஊர்களைச் சுற்றிப் படம் எடுத்து வருகிறேன். ஓலை வீடு, சுண்ணாம்புச் சுவர் வீடு, மட்டை வேலி, படல், பஞ்சாரம், உறி, ஓலைப்பெட்டி, குருசடி, கரையேற்றிய வத்தைப் படகு என்று நாலாயிரம் படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு அதில் எத்தனை தேறும் என்ற கேள்வி வந்துவிட்டது.

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஓரத்தில் ஓர் அப்பத்தா தனியாக இருக்கிறார். ஓலைக்கூரை, மண்சுவர், முன்னால் மட்டை வேலி. போன வருடம் அந்த வீட்டை அந்தி நேரத்தில் எடுத்தேன். முகடு கறுப்பாக, பின்னால் வானம் செக்கச்செவேல் என்று, ஓரமாக இரண்டு பனை. நான் எடுத்ததில் அதிகம் பேர் பாராட்டிய படம் அதுதான். பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் அடித்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்ட எங்கப்பா காணோம்?" என்றார்.

இதுதான் அப்பத்தா உங்க வீடு என்று முகட்டைக் காட்டினேன்.

"வாசல் எங்க? அடுப்படி எங்க? நான் தண்ணி வச்சிருக்குற எடம் எங்க? பூராம் வானமால்ல இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தாழ்வாரத்தில் குனிந்து நுழையும் இடத்தில் வாசல்கால் கை பட்டுப் பட்டு மெழுகு தேய்த்த மாதிரி வழவழப்பாக இருந்தது. உள்ளே மாடக்குழி, அதற்கு மேலே முக்கோணமாக விளக்குப் புகை படிந்த கறுப்பு. திண்ணைச் சுவரில், உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், கத்தியால் கீறிய கோடுகள். அவர் வீட்டுக்காரர் கருப்பட்டி வியாபாரிக்குப் போட்டு வைத்த கணக்காம். ஆறு கோடு, ஒரு குறுக்குக்கோடு. அப்புறம் மறுபடி ஆறு. அவர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவரை மெழுகும்போது அந்த இடத்தை மட்டும் அப்பத்தா விட்டுவிட்டு மெழுகுகிறார்.

நான் அன்றைக்கு அந்தத் திண்ணைக்கு எதிரிலேயே அரை மணி நேரம் நின்றேன், வானம் சிவக்கட்டும் என்று.

அதனால்தான் இந்த இழை. ஒரு வீட்டை, அதில் புழங்குகிற பொருளை, அந்த வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரிகிற மாதிரி எடுப்பது எப்படி? படத்தோடு எதை எழுதி வைக்க வேண்டும்? இந்தக் கரையை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 | பனங்கை

என் அப்பா கூரை வேய்கிற வேலை பார்த்தவர். சின்ன வயதில் நான் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கண்ணால் சொல்கிறேன்.

ஓலை வீட்டை வெளியே நின்று எடுத்தால் ஒன்றும் தெரியாது. கூரை ஒரு தொப்பி மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும். வீட்டுக்குள் போய், நடுவில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். முகட்டு வளை தெரியும். அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிற பனங்கைகள் தெரியும். அதற்குக் குறுக்கே வரிச்சு. வரிச்சையும் கையையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நார்முடிச்சு. ஓலை வேய்கிறவருடைய கையெழுத்து அந்த முடிச்சில்தான் இருக்கிறது. எங்கள் அப்பா கட்டிய கூரையையும் எங்கள் சித்தப்பா கட்டியதையும் முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பனங்கை எல்லா மரத்திலும் கிடைக்காது. முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையைத்தான் பிளப்பார்கள். நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதி உதவாது, அதைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கத்துக் கறுப்பு நார்க்கட்டைதான் கை. பழைய வீடுகளில் அந்தக் கையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வாய்ச்சியால் செதுக்கிய தழும்பு அலை அலையாகத் தட்டுப்படும். ரம்பத்தில் அறுத்ததில் அது இருக்காது. பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் தழும்பு படத்தில் விழும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் சப்பையாகிவிடும்.

ஓலையை வெட்டியவுடன் வேய மாட்டார்கள். விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் வைத்துப் படிய விடுவார்கள். வேயும்போது கீழே இறவாரத்தில் தொடங்கி மேலே முகட்டுக்கு ஏறுவார்கள். அப்போதுதான் மேல் ஓலையில் விழுந்த தண்ணீர் கீழ் ஓலையின் முதுகில் வழியும். இறவாரம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் ஒருநாள் தங்கிப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். காற்றுக்குப் பிடி கொடுக்கக் கூடாது, மணல் உள்ளே வரக் கூடாது, வெயில் சுவரைத் தொடக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தாழ்வு.

கடைசியாக ஒன்று. ஓலை மாற்றும் நாளில் போங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூரையைப் பிரிப்பார்கள். பழைய ஓலையை உருவிப் போட்ட பிறகு, புது ஓலை ஏறுவதற்கு முன், வீட்டின் எலும்பு முழுக்க வெளிச்சத்தில் நிற்கும். வேறு எந்த நாளிலும் அதைப் பார்க்க முடியாது.

3 | நிழற்கோடு

உப்புக்காற்று, எந்த லென்ஸ்?

4 | உப்புக்காற்று

இதுவரை பெரும்பாலும் 16 மி.மீ. அகல லென்ஸ். வானத்துக்காகத்தான்.

5 | நிழற்கோடு

அதை வீட்டில் வைத்துவிடுங்கள். 35 போதும், பொருட்களுக்கு 50. அகல லென்ஸில் சுவர் சாய்ந்து, திண்ணை நீண்டு, பெட்டி பானை மாதிரி ஆகிவிடும். வீட்டின் முகப்பை எடுக்கும்போது கேமராவைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள், மேலே அண்ணாந்து பிடிக்காதீர்கள். இடம் போதாவிட்டால் பின்னால் தள்ளிப் போய் எடுங்கள்.

ஓலை வீட்டுக்குள் கும்மிருட்டு, வாசலில் கண் கூசும் வெயில். இரண்டும் ஒரே படத்தில் அடங்காது. நான் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுபோவேன். வாசலுக்கு வெளியே தரையில் விரித்தால் வெயில் அதில் பட்டு உள்ளே திரும்பும், அடுப்படி வரை மெல்லிய வெளிச்சம் போகும். கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரை அதிக நேரம் திறந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

திசையையும் கணக்கில் வையுங்கள். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கம் கரை கிழக்கே பார்க்கிறது. காலை வெயில் கடலிலிருந்து நேராக வந்து முகப்பில் விழும், எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கரை தெற்கே பார்க்கிறது. அங்கே காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். சுவரின் பூச்சு, ஓலைப் பின்னல், கயிற்றுப் புரி எல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும்.

ட்ரோன் பற்றி யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இது எல்லைக் கடற்கரை. அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடாதீர்கள்.

6 | ஊருணிக்கரை

வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் மாவட்டத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தண்ணீர் வண்டி. அதை யாராவது ஒழுங்காக எடுத்திருக்கிறீர்களா?

கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் தொடங்கிக் கடற்கரை வரை, குடம் வைத்துத் தள்ளுகிற வண்டி இல்லாத தெரு கிடையாது. எங்கள் வீட்டு வண்டியைச் சொல்கிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு குடம். மரச்சட்டம், இரும்புச் சக்கரம். குடம் உட்காரும் இடத்தில் குறுக்குக் கட்டைகள், குடத்தின் அடி அசையாத அளவுக்கு இடைவெளி விட்டு அடித்தது. சட்டத்தின் விளிம்பு குடத்தின் வயிற்றுக்குச் சரியாக வரும். அதற்குக் கீழே இருந்தால் மேட்டில் ஏறும்போது குடம் சாயும், மேலே இருந்தால் தூக்கி இறக்கும்போது கை இடிக்கும். எங்கள் அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு ஆசாரி கைப்பிடி வைத்துக் கொடுத்தார். நான் வளர்ந்த பிறகு எனக்கு அது குட்டை, குனிந்துதான் தள்ள வேண்டும். கைப்பிடியில் அம்மா பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார், வெயிலில் இரும்பு சுடும் என்பதற்காக. தளும்பாமல் இருக்க ஒவ்வொரு குடத்தின் வாயிலும் வேப்பங்கொத்து.

மூன்று கிலோமீட்டர் போய் ஊருணியில் மோந்து வர இந்த வண்டி. காவிரி கூட்டுக் குடிநீர் வந்த பிறகு தூரம் குறைந்தது, ஆனால் வண்டி போகவில்லை. இப்போது குழாயடிக்கும் லாரிக்கும் போகிறது.

ஒருமுறை ஒருவர் படம் எடுக்க வந்தார். குடங்கள் பச்சையும் நீலமுமாக பிளாஸ்டிக். அதையெல்லாம் இறக்கிவிட்டு, பரணில் கிடந்த மண்பானையை வைக்கச் சொன்னார். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். மண்பானையை வைத்து அந்த வண்டியை ஒருநாளும் தள்ள முடியாது, முதல் பள்ளத்திலேயே உடைந்துவிடும். அந்த வண்டியே லேசான குடம் வந்த பிறகு பெருகியதுதான். பிளாஸ்டிக் குடத்தை ஒதுக்கிவிட்டு எடுத்தால் அது வேறு ஏதோ வண்டியின் படம்.

7 | வடகடல்

ஊருணிக்கரை சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பக்கம் வலையில் மிதவையாகப் பழைய தண்ணீர் பாட்டில் கட்டுகிறார்கள், தெர்மோகோல் தெப்பத்தில் போய்க் கரைவலைக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கிறார்கள். அதுவும் இந்தக் கரையின் புழங்குபொருள்தான். நூறு வருடம் கழித்துப் பார்க்கிறவனுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

8 | கூரைக்குள் பிறந்தவன்

நான் வேறு மாதிரிப் பேசப் போகிறேன், வருத்தப்படாதீர்கள்.

பதினேழு வயது வரை நான் ஓலை வீட்டில் இருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகும் என்று பார்த்துப் பார்த்துப் பாத்திரம் வைத்தே இரவு போய்விடும். கூரையில் பாம்பு இருந்தது, தேள் இருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வீட்டு அடுப்புப் பொறியில் எங்கள் தெருவில் நாலு வீடு எரிந்தது. என் புத்தகங்கள், அம்மாவின் கல்யாணச் சேலை, ரேஷன் அட்டை எல்லாம் அதில் போனது. இன்றைக்கும் மே மாதக் காற்றில் ஓலை சரசரக்கும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் கொடுக்கிறார்கள். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்று சொல்லியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு அந்த வீடு கிடைத்தபோது அவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்தத் தளம் போட்ட வீட்டை எடுக்க எந்தக் கேமராவும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஓலை வீடு இருந்தவரைக்கும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அழகு என்று நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதை விட்டு வெளியேறக் காத்திருக்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. அதையும் எடுங்கள்.

9 | பனங்கை

தம்பி சொல்வதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் அப்பா ஊர் முழுக்கக் கூரை வேய்ந்தவர், தன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டார். ஆனால் அவருடைய கைக்குத் தெரிந்த வேலை அவரோடு போய்விட்டதே என்று எனக்கு ஆற்றாமை இருக்கிறது. ஓலை வீட்டிலேயே இருங்கள் என்று யாரையும் சொல்லவில்லை. எப்படிக் கட்டினார்கள் என்று ஒரு இடத்திலாவது முழுசாகப் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

10 | உப்புக்காற்று

கூரைக்குள் பிறந்தவன், உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். என் நாலாயிரம் படத்தில் தளம் போட்ட வீடு மொத்தமே ஆறோ ஏழோதான், அதுவும் தற்செயலாக விழுந்தவை. இனி ஓலை வீட்டை எடுக்கும்போது பக்கத்தில் எழும்புகிற புது வீட்டையும் சேர்த்தே எடுப்பேன். உங்கள் அம்மா சம்மதித்தால் முதலில் அவர் வீட்டுக்கு வருகிறேன்.

11 | சுண்ணாம்புச்சுவர்

கீழக்கரைக்காரி நான். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியக் கூடாது.

ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களை எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்க வேண்டியதுதான். அதைத் தாண்டித் தெருவுக்குள் வந்தால் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீடுகள். எங்கள் வாப்பாவைப் பெற்றவர் கட்டிய வீட்டில் சுவர் ஒன்றரை முழக் கனம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல், அதில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எங்கள் சுவருக்குள் இருக்கிறது என்று உம்மா சொல்வார். பூச்சின் கடைசிப் படலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கோடையில் கன்னத்தை அதில் வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

சுவர்க் கல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் பக்கமும் பழைய கட்டடங்கள் பல பவளப்பாறைக் கல்லால் ஆனவை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் அந்தக் கல்லின் பூப்பூவான துளைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு காலத்தில் கடலில் வெட்டி எடுத்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தார்கள், சுண்ணாம்புக் காளவாய்க்கும் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டதற்கு அப்படிப் பாறையை வெட்டியதும் ஒரு காரணம். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. அதனால் பழைய வீட்டுக்காரர்கள் சிலர் சுவரைப் படம் எடுத்தாலே பயப்படுகிறார்கள். தாத்தா காலத்துச் சுவருக்குத் தங்கள்மேல் வழக்கு வருமோ என்ற பயம். வற்புறுத்தாதீர்கள். எடுத்தாலும் வீட்டை அடையாளம் காட்டாதீர்கள்.

இன்னொன்று என் சொந்த அனுபவம். எங்கள் வாசற்கதவு தேக்கில் பூவேலை செய்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் அன்பாகக் கேட்டு எடுத்தார், நாங்களும் தேநீர் கொடுத்து உட்காரவைத்தோம். தெருப் பெயர், வரைபடத்தில் இடத்தைக் காட்டிவிடும் இடக்குறி எல்லாம் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார். இரண்டே மாதத்தில் பழம்பொருள் வாங்குகிற ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் கதவை நாங்கள் கொடுக்கவில்லை. அடுத்த தெருவில் பணமுடையில் இருந்த ஒரு குடும்பம் கொடுத்துவிட்டது. அந்த வாசலில் இப்போது இரும்புக் கதவு. இடக்குறியை அழிக்காமல் எந்தப் படத்தையும் ஏற்றாதீர்கள். ஊர்ப் பெயர் போதும்.

வீட்டுக்குள் பெண்கள் புழங்கும் பகுதிக்கு ஆண்கள் கேமராவோடு வர வேண்டாம். எங்கள் பெண்களிடமே கேமராவைக் கொடுங்கள். என் தங்கை மகள் எடுத்த அடுப்படிப் படங்கள் வெளியாள் யாரும் எடுக்க முடியாதவை.

12 | பாசிக்கரை

அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். பாம்பன் பக்கம். எங்களைப் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள்.

அம்மாவின் பொருட்களைச் சொல்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடி. காலுக்கு ரப்பர் செருப்பு, பாறையில் கிழிக்காமல் இருக்க. இடுப்பில் பை. பத்து விரலுக்கும் பழைய துணிக் கிழிசல். அதை விடியற்காலையில் படகில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகச் சுற்றுவார். கட்டைவிரலுக்கு இரண்டு சுற்று அதிகம், மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிடுங்கும்போது முதலில் கிழிவது கட்டைவிரல்தான். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குவார், ஏனென்றால் அதற்குள் இரண்டு கையும் துணிக்குள் போயிருக்கும். திரும்பி வரும்போது துணி பச்சையாகி நார் நாராகத் தொங்கும். வீட்டில் அதை அலசி மட்டை வேலியில் காயப்போடுவார். மறுநாள் அதே துணி.

வேலியில் காய்கிற அந்தத் துணியை யாரும் எடுத்ததில்லை. நனைந்த உடையோடு கடலிலிருந்து ஏறுகிற பெண்களைத்தான் எடுக்கிறார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதோடு, கடலிலிருந்து ஏறுகிற நேரத்தில் கேட்கவே கூடாது. வீட்டுக்கு வந்து, துணி மாற்றி, சாப்பிட்ட பிறகு கேளுங்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆன இடம். அங்கே பாசி எடுப்பதில் வனத்துறையோடு தகராறு தீர்ந்தபாடில்லை. முகம் தெரிய, இடம் தெரியப் படம் போட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் வம்பு. கையை எடுங்கள், துணியை எடுங்கள். அதிலேயே எல்லாம் இருக்கிறது.

13 | உப்புக்காற்று

பாசிக்கரை, நீங்கள் எழுதியதே ஒரு படம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

14 | வடகடல்

எழுதி வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் குறிப்பேட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ அது. பாம்பனில் ஒரு பெயர், மூக்கையூரில் வேறு பெயர் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இங்கே கடலுக்கே இரண்டு பெயர்: பாக் விரிகுடா பெண்கடல், மன்னார் வளைகுடா ஆண்கடல். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஒரு வீட்டின் வாசல் ஏன் அந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இந்தப் பெயர்களில்தான் வரும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், "மேற்குக் காற்று" என்று மாற்றினால் பாதி போய்விடும். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்வது இன்னும் நல்லது.

அடுத்து அளவு. பொருளுக்குப் பக்கத்தில் பேனா வைப்பதைவிட, செய்தவரின் கையை வைக்கச் சொல்லுங்கள். பெட்டி முடைகிறவர் சாண், விரல் கணக்கில்தான் முடைகிறார். அவர் சாண் அந்தப் பெட்டியில் எத்தனை முறை அடங்குகிறது என்று ஒரு படம். பிறகு நாடா வைத்து சென்டிமீட்டரில் ஒரு படம்.

அப்புறம் பழுது. ஒட்டுப்போட்ட இடம், வேறு நார் கொண்டு கட்டிய காது, தேய்ந்த விளிம்பு. எவ்வளவு நாள், எந்தக் கை புழங்கியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பலர் புதுப் பெட்டியாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

சென்னை மாகாண மீன்துறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கரைப் படகுகளைப் பற்றிப் பெயரோடு எழுதி வைத்தார். வத்தையில் பாய் இறங்கி இயந்திரம் ஏறிவிட்ட இந்தக் காலத்தில் எங்கள் தாத்தா சொன்ன கதையைச் சரிபார்க்க எனக்கு அது உதவியது. நம் ஆட்கள் நம் வார்த்தையில் எழுதியிருந்தால் இன்னும் எவ்வளவோ கிடைத்திருக்கும்.

15 | நிழற்கோடு

சேமிப்பதைப் பற்றி இரண்டு வரி. கைப்பேசியிலும் ஒரே ஒரு வன்வட்டிலும் வைத்திருந்தால் உப்புக்காற்றே தின்றுவிடும். குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழ் விளக்கத்தோடு ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதை அவருக்கு விளங்கச் சொன்ன பிறகு. மற்றவற்றைக் குடும்பத்துக்கே அச்சுப் போட்டுக் கொடுங்கள்.

16 | கூரைக்குள் பிறந்தவன்

அம்மா வரச் சொன்னார். ஒரு நிபந்தனை: புது வீட்டு வாசலில், உட்கார்ந்து, பட்டுச்சேலை கட்டி எடுக்க வேண்டுமாம். எரிந்துபோன சேலைக்குப் பதிலாக நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

17 | உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு சாயல்குடி அப்பத்தா வீட்டுக்குப் போனேன். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். அடுப்படியில் தொங்கிய ஓலைப்பெட்டியைக் காட்டி இதன் பெயர் என்ன என்றேன். "இது அருவாப்பெட்டி. அவரு இடுப்புல கட்டிக்கிட்டுப் பனை ஏறுனது" என்றார். உள்ளே பாளை அரிவாள் இரண்டு, சுண்ணாம்பு காய்ந்த ஒரு சின்னக் குடுவை. கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பாம், பதநீர் புளிக்காமல் இருக்க. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது, இடுப்பில் உராய்ந்த பக்கம். அப்பத்தா தன் சாணை அதில் வைத்துக் காட்டினார், ஒன்றரைச் சாண் நீளம். அவர் கை நடுங்கியதால் முக்காலியில் இருந்தும் அந்தப் படம் லேசாகக் கலங்கிவிட்டது. அழிக்கவில்லை.

நிழற்கோடு சொன்னபடி வேட்டியை விரித்தேன். மாடக்குழியும் புகைக் கறுப்பும் விழுந்தன. பனங்கை சொன்னபடி மல்லாந்து படுத்து மேலே எடுத்தேன். முடிச்சுப் படத்தை இங்கே இணைத்திருக்கிறேன், இடக்குறி அழித்துத்தான். திண்ணைச் சுவரின் கோடுகளை மாலை நாலரை மணி வெயிலில் எடுத்தேன், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் இருந்தது. மொத்தம் நாற்பத்தெட்டுக் கோடு. கடைசிக் குறுக்குக்கோடு போடவில்லை, அந்தக் கணக்கு முடியவில்லை என்றார் அப்பத்தா.

புறப்படும்போதுதான் சொன்னார், அவருக்கும் வீடு அனுமதி ஆகிவிட்டதாம். தை பிறந்ததும் கூரையைப் பிரிக்கிறார்கள். சுவரையும் இடித்துவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். திண்ணைச் சுவரின் அந்தத் துண்டை மட்டும் பெயர்த்து எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். மண்சுவர், எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

18 | பனங்கை

கூரை பிரிக்கிற அன்றைக்கு விடியும் முன்னே வந்துவிடுங்கள், நானும் வருகிறேன். எந்தக் கையை முதலில் இறக்குவது, எதைக் கடைசியில் இறக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி எடுக்க வேண்டும். நாலைந்து சுண்ணக்கட்டி கொண்டுவாருங்கள்.

19 | சுண்ணாம்புச்சுவர்

சுவர்த் துண்டுக்கு வழி இருக்கிறது. கோடுகள் இருக்கும் பரப்பில் முதலில் மெல்லிய துணியை மைதாப் பசையால் ஒட்டிக் காயவிட வேண்டும், உதிராமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நாலு பக்கமும் ஒரு சாண் தள்ளி அறுத்து, பின்னால் பலகை கொடுத்து அப்படியே சாய்த்து இறக்கலாம். எங்கள் வீட்டில் பூச்சு பெயர்ந்தபோது கொத்தனார் ஒருவர் இப்படித்தான் காப்பாற்றினார், அவர் இன்னும் வேலை பார்க்கிறார். மண்சுவரில் செய்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேட்கிறேன். அவர் வந்து சுவரைப் பார்க்கும்வரை யாரும் அதில் கை வைக்க வேண்டாம். அப்பத்தாவிடம் சுவரின் கனம் எத்தனை விரல் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள், உப்புக்காற்று.